நல்ல தண்ணீரில் பிரிந்த மை

உலகத்தில் ஏழெட்டுப் பேர் என்னைக் கைராசிக்காரன் என்று நம்பியிருந்தார்கள். மை பிரிப்பதில் கைராசி. அரச அலுவலகங்கள் இருக்கிற கச்சேரிப் பக்கத்தில் என்னைத் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு நான் புளியந்தீவில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறவன், படிவம் நிரப்பித் தருகிறவன், கொஞ்சம் முற்கோபி. மூன்றும் உண்மைதான்.

படிவம் நிரப்ப போல்பொயின்ற் பேனா போதும். ஆனால் அழுத்தி அழுத்தி எழுதிப் பின்னேரம் விரல் மரத்துப்போவதால் நான் மைப்பேனாவுக்கு மாறினேன். அது வெறும் வசதிக்காக. ஒருநாள் காத்தான்குடிக்காரர் ஒருவர் ஏதோ பத்திரத்தைக் கொப்பி எடுக்க வந்தார். கட்டாரில் பல காலம் இருந்துவிட்டு வந்து துணிக்கடை போட்டவர், என்னிலும் இளையவர். கொப்பி எடுத்து முடிந்தும் போகாமல் என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன், கோவிச்சிக்காதீங்க. அந்த நிப்பை ஒருக்காப் பாக்கலாமா?"

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது, அதனால் முகத்தைக் கடுகடுப்பாக வைத்துக்கொண்டு பேனாவைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதைப் பிறந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரி வாங்கினார். அடுத்த வாரமே போனில் தான் இருந்த ஒரு குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்.

மை சேர்க்கிறவர்களுக்கு ஓர் உலகம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. சிலர் முத்திரை சேர்க்கிறார்கள், சிலர் வழக்குச் சேர்க்கிறார்கள், இவர்கள் மை சேர்க்கிறார்கள். குழுவை நடத்தியது கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்த பெண். ரொறன்ரோவில் இருந்து யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், வேலையை விட்டபிறகு பொழுது போகாமல், எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்வார். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள்.

விளையாட்டு இதுதான். ஒருவர் தன்னிடம் உள்ள ஒரு மையைச் சின்ன மருந்துக் குப்பிகளில் ஊற்றி, குப்பியில் ஓர் எழுத்தை மட்டும் ஒட்டி, மற்ற எல்லோருக்கும் தபாலில் அனுப்புவார். மையின் பெயரைச் சொல்லமாட்டார். நாங்கள் அதால் எழுதிப் பார்த்து, காய்வதற்கு நேரம் எடுக்கிறதா, விரல் பட்டால் இழுபடுகிறதா, தண்ணீர் தெறித்தால் ஓடுகிறதா என்றெல்லாம் சோதித்து, அது எந்த ஊர் மை, என்ன பெயர் என்று ஊகிக்க வேண்டும். இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அனாமதேயம். எங்கள் ஊரில் அனாமதேயக் கடிதம் என்றால் யாரையோ மாட்டிவிட எழுதுவது. எங்கள் அனாமதேயத்தில் யாரும் மாட்டியதில்லை, நான் மாட்டும்வரை.

குப்பிகள் சோறு கட்டுகிற லன்ச் சீற்றில் சுற்றிப் பதிவுத் தபாலில் வரும். ஒருமுறை ஒன்று வழியிலேயே உடைந்து, தபால்காரர் விரலெல்லாம் நீலமாக வந்து கடை வாசலில் நின்றார்.

"இந்தாங்க, உங்கட கடிதம் அழுதிட்டு வந்திரிக்கு" என்றார். "தேர்தல் எப்ப எண்டு ரோட்டுல ஆக்கள் கேக்கிறாங்க."

அன்று அவருக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன். அதற்குப் பிறகு என் பொதிகளை அவர் இரண்டு விரலால்தான் தூக்குவார்.

சோதனைகளில் எனக்குப் பிடித்தது கடைசிச் சோதனை. மையொற்றும் தாளைப் பட்டையாக வெட்டி, அடியில் ஒரு பொட்டு மை வைத்து, நுனி மட்டும் தண்ணீரில் படும்படி கோப்பைக்குள் நிறுத்த வேண்டும். தண்ணீர் தாளில் மெல்ல ஏறும். மையையும் கூட்டிக்கொண்டு போகும். கறுப்பு என்று நாம் நினைத்தது மஞ்சளும் ஊதாவும் நீலமுமாக ஆளுக்கொரு உயரத்தில் நின்றுவிடும். எந்தெந்த நிறம் எங்கே நின்றது என்று பார்த்தால் மையின் குலம் கோத்திரம் தெரியும். ஆனால் மற்றவர்களுக்கு நிறங்கள் ஒன்றோடொன்று மெழுகிக்கொண்டு மேலே போய்விடும். என் பட்டைகளில் மட்டும் கோடு போட்ட மாதிரிப் பிரியும். படத்தைப் போட்டதும் ரொறன்ரோ ஐயா, "தம்பியின்ரை கை கைதான்" என்பார். நான் பதிலுக்கு ஒன்றும் எழுதமாட்டேன். கடையில் வந்தவர்கள்மேல் அன்று முழுக்க எரிந்து விழாமல் இருப்பேன், அவ்வளவுதான்.

சோதனைக்குக் காய்ச்சி வடித்த நீரைப் பாவிக்க வேண்டும் என்று குழுவில் விதி இருந்தது. பெற்றோல் செட்டில் பற்றரிக்கு விடுகிற தண்ணீர் விற்பார்கள், அதுதான். எல்லோரும் அதை வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. வீட்டில் அப்படி ஒரு கிணற்றை வைத்துக்கொண்டு பற்றரித் தண்ணீர் வாங்க எனக்கு என்ன விசரா?

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீடு ஆரையம்பதியில், வாவிப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே கடலோடு கலக்கிற உப்பு வாவி, நடுவில் கொஞ்ச மணல். சுனாமியில் கடல் வாவி வரை வந்தபோது எங்கள் கிணற்றையும் நிரப்பிவிட்டுப் போனது. இறைத்து இறைத்து ஊற்றினோம், உப்பு போகவில்லை. ஒழுங்கையில் பலர் வீடு வளவை விட்டுப் போனார்கள். என் மனைவி கிணற்றுக்கட்டில் கை வைத்துச் சொன்னாள்: "தண்ணி நல்ல தண்ணியா வந்தா இருப்பம். வராட்டிப் போவம்." இரண்டு மாரி கழிந்து வந்தது. ஒழுங்கையில் முதலில் தேறியது எங்கள் கிணறுதான். பெண்கள் குடத்தோடு வருவார்கள். அவள் கிணற்றடியில் நின்று ஊர்ப்புதினம் பேசியபடி அள்ளிக் கொடுப்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணீருக்கு முன்னால் ஒரு செம்பு தண்ணீர் வரும். பிறகுதான் மற்றப் பேச்சு.

மகள் கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு மாடி வீட்டில் இருக்கிறாள். எங்களையும் வந்துவிடச் சொல்லி ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பாள். இவள் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பதிலைச் சொல்வாள்: "இந்தக் கிணத்துத் தண்ணி கெடுற அண்டைக்கு நான் வாறன் மகள். அதுக்கு முதல் என்னைக் கூப்பிடாத." பேச்சு அதோடு முடியும். மாடி வீட்டில் கூண்டுப் பறவை மாதிரி இருக்க எனக்கும் விருப்பமில்லை. அவளுடைய கிணறு எனக்கும் சேர்த்துத்தான் வழக்காடியது.

பிறகு ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. அவள் அதைப் பூக்கன்றுகளுக்கு விட்டாள். மருந்து நாற்றம் என்று வாயில் வைக்க மறுத்துவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடத்தோடு வருகிற பெண்களும் நின்றுபோனார்கள். அவளுக்கு அது சரியான மனவருத்தம். "பைப்பைக் கண்டதும் ஆக்களுக்கு நாக்கும் செத்துப்போச்சு" என்பாள். நானும் ஓம் ஓம் என்றேன்.

பிறகொரு சுற்றுக்குப் பார்வைக்கு வெறும் கறுப்பான ஒரு மை வந்தது. கண்டிப் பெண் அனுப்பியது. எல்லோருக்கும் அது வெறும் கறுப்பாகத் தாளில் ஏறி மங்கியது. எனக்கு மட்டும் அடியில் நீலம், மேலே ஊதா, அதற்கும் மேலே மெல்லிய மஞ்சள் என்று அழகாக நின்றது. நான் மையின் பெயரையும் சரியாகச் சொல்லிவிட்டேன். குழுவில் ஒரே கைதட்டல். கண்டிப் பெண் மட்டும் தட்டவில்லை.

"அண்ணா, நீங்க எந்தத் தாள் பாவிக்கிறீங்க?" என்று எழுதினாள்.

"நீங்கள் அனுப்பிய அதே தாள்தான்."

"அப்ப தண்ணி?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இவ்வளவு நாளும் காத்திருந்தேனோ என்னவோ. 'எங்கள் கிணற்றுத் தண்ணீர்' என்று எழுதியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு ஒரு பகிடி தோன்றியது. மை அனுப்புகிற குப்பிகளை எடுத்துக் கழுவி, கிணற்றில் அள்ளிய தண்ணீரை ஊற்றி, எழுத்து ஒட்டி, அடைத்து, எல்லோருக்கும் தபாலில் அனுப்பினேன். 'அடுத்த அனாமதேயம் இது. நிறமில்லாத மை. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள்' என்று குழுவில் எழுதினேன். தபாற்கந்தோர் மேசையில் பொதியை வைத்தபோது எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. நல்ல தண்ணீர் என்றால் என்ன என்று கண்டியும் ரொறன்ரோவும் அறியட்டும்.

காத்தான்குடிக்காரர்தான் முதலில் பதில் எழுதினார். ஒரு துளியைக் கரண்டியில் விட்டு விளக்கில் காட்டியிருந்தார். கரண்டியில் வெள்ளையாகப் படிந்திருந்த படத்தையும் போட்டார். 'இது நம்மட வாவித் தண்ணிதானே அண்ணன்? மாரியில அள்ளினதாக்கும், கடுமை கொஞ்சம் குறைவா இரிக்கி. எங்களை ஏமாத்த ஏலாது' என்று சிரிக்கிற முகம் வேறு. அடுத்து கண்டிப் பெண்: 'வாவிதான். ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்தேன். உப்பு இருக்கிறபடியால்தான் உங்கள் நிறங்கள் அப்படித் தள்ளித் தள்ளி நிற்கின்றன. நல்ல யோசனை அண்ணா, நாங்களும் இனி உப்புக் கலக்கலாம்.' ரொறன்ரோ ஐயாவுக்குப் பொதி பிந்தித்தான் போனது. அவரும் வாவி என்றே சொன்னார். முகத்துவாரத்துக்குக் கிட்டவா என்று மட்டும் கேட்டார்.

யாரும் கிணறு என்று சொல்லவில்லை. சரி பிழை பிடிக்க வேண்டியவன் நான். போனைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் இருந்தேன். யாரோ பிறப்புச் சான்றிதழ் கொப்பி கேட்டு வந்து, கேட்டுக் கேட்டு அலுத்து, பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். கடைசியில், 'சரி. வாவித் தண்ணீர்தான்' என்று எழுதினேன். எல்லோரும் வென்றார்கள்.

வீட்டுக்குப் போய் ஒரு செம்பு அள்ளிக் குடித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வழக்கமான தண்ணீர்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அது ஒரே நாளில் கெட்டிருந்தால் துப்பியிருப்பேன். அது எங்கள் நாக்கையும் கூட்டிக்கொண்டு மெல்ல மெல்லப் போயிருக்கிறது.

பிறகு எதைப் பார்த்தாலும் அதுவாகவே தெரிந்தது. சவுக்காரம் நுரைப்பதில்லை என்று அவள் கடைக்காரனோடு சண்டை பிடித்திருந்தாள். கிணற்று வாய்க்காலடியில் நின்ற கறிவேப்பிலையின் இலை நுனியெல்லாம் கருகியிருந்தது. பூச்சி என்று சாம்பல் தூவியிருந்தாள். கேத்தலின் அடியில் வெள்ளை. கிளினிக்கில் பிரஷர் கூட என்று உப்பைக் குறைக்கச் சொன்னபோது கறிக்கு உப்பைப் பாதிக்குப் பாதி குறைத்துவிட்டு, "பாத்தீங்களா, குறைச்சதே தெரியல்ல" என்று பெருமைப்பட்டாள். நானும் நக்கி நக்கிச் சாப்பிட்டேன். குடத்தோடு வந்த பெண்கள் ஏன் நின்றுபோனார்கள் என்பதும் இப்போது விளங்கியது. ஒழுங்கைக்கே தெரிந்திருக்கிறது. அவள் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. குழாய் வந்தது அவர்களுக்கு நல்ல சாட்டாகிவிட்டது.

காத்தான்குடிக்காரர் அடுத்த சுற்றுக் குப்பியைத் தானே கொண்டுவந்து தருகிறேன் என்று வீட்டுக்கு வந்தார். வேண்டாம், கடையில் தாருங்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. அவர் கதிரையில் இருக்கவும் என் மனைவி செம்போடு வந்து நின்றாள்.

"குடியுங்க தம்பி. உங்கட ஊர்ல இப்படித் தண்ணி கிடைக்காது."

அவர் வாயில் வைத்தார். ஒரு மிடறில் அவர் கண் என்மேல் வந்தது. நான் சுவரைப் பார்த்தேன். அவர் செம்பைக் கீழே வைக்காமல் முழுக்கக் குடித்தார்.

"நல்ல தண்ணி அக்கா" என்றார்.

"இன்னொண்டு?"

"தாங்க அக்கா."

அதையும் குடித்தார். அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. குடத்தோடு பெண்கள் வந்த காலத்தில் அப்படி இருந்தது. அவர் போகும்போது ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கையில் கொடுத்து, பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னாள். அவர் அதை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்தார். படலையடியில் நின்று கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைத் துடைத்தார்.

"வாவித் தண்ணி எண்டு சொன்னீங்களே அண்ணன்."

"ஓம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"சொல்லுங்க. இல்லாட்டி அதையாவது குடிக்க விடாதீங்க. கிளினிக்குக்குப் போறவங்க. எங்கட கடையில பில்டர் மெசின் இரிக்கி. நான் கான்ல நிரப்பித் தாறன், கொண்டு போங்க."

சொல்ல என்னால் முடியவில்லை. சொன்னால் அவள் நம்பமாட்டாள் என்பது ஒன்று. நம்பிவிட்டால் என்ன செய்வாள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அவர் சொன்ன இரண்டாவதைச் செய்தேன். கடை பூட்டி வரும் வழியில் அவர் கடையில் கானை நிரப்பி, சைக்கிள் நிறுத்துகிற கொட்டிலுக்குள் சாக்கால் மூடி வைப்பேன். காலையில் நான் அவளுக்கு முன் எழும்புகிறவன். குடிக்கவும் சமைக்கவும் எடுக்கிற பானையில் இருந்ததை ஊற்றிவிட்டுக் கான் தண்ணீரை விட்டுவைப்பேன்.

"உனக்கு முழங்கால் ஏலாதே, இனி நான் அள்ளி வைக்கிறன்" என்று சொல்லி வைத்தேன்.

"கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகா?" என்றாள். "நல்லா இரிக்கு. மறுகா என்ன, சமையலும் நீங்களா?"

மை விளையாட்டை நான் விடவில்லை. விட்டால் கேள்வி வரும். பெற்றோல் செட்டில் பற்றரித் தண்ணீர் வாங்கி, விதிப்படி பட்டையை நிறுத்தினேன். எல்லோருக்கும் போலவே எனக்கும் நிறங்கள் மெழுகிக்கொண்டு போயின. 'தம்பிக்குக் கை தளர்ந்திட்டுதோ?' என்று ரொறன்ரோ ஐயா கேட்டிருந்தார். காத்தான்குடிக்காரர் அந்தச் செய்திக்குக் கீழே வேறு எதையோ எழுதிப் பேச்சை மாற்றிவிட்டார்.

சில நாளாகச் சோறு கறியில் ஏதோ குறைந்தது. கறி சப்பென்று இருந்தது. அவளும் ஒவ்வொரு வாய்க்கும் யோசித்து யோசித்துச் சாப்பிட்டாள். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தாள். செம்பில் தண்ணீர் எடுத்து மோந்து பார்த்தாள். நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பானையை நிரப்பிவிட்டு முற்றத்துக்கு வந்தபோது அவள் எழும்பிவந்து ஒரு செம்பு குடித்தாள். பிறகு கிணற்றுக்கட்டில் போய் இருந்துகொண்டாள்.

"இஞ்சாருங்க. கிணறு கெட்டுப்போச்சு."

"என்ன சொல்லுறாய்?"

"நானும் இவ்வளவு நாளும் என்ட வாய்தான் பிழையாக்கும் எண்டு பாத்தன். அது இல்ல. தண்ணி உப்புச்சப்பில்லாமப் போச்சு. வாயில வெச்சா ஒண்டுமே இல்ல, வெறும் தண்ணி. இது எங்கட தண்ணி இல்ல."

கொட்டிலுக்குள் கான் இருக்கிறது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால் அவள் வாளியைப் போட்டு அள்ளி, ஒரு மிடறு குடித்து, 'இதுதான் நல்ல தண்ணி' என்று முகம் மலர்ந்துவிடுவாள். இந்த வீட்டில்தான் இருப்பாள். அதையேதான் குடிப்பாள். சொல்லாவிட்டால் அவள் சொல்வதுதான் உண்மை: கிணறு கெட்டுப்போய்விட்டது. அவள் பிழையான தண்ணீரைக் குடித்து உண்மையைக் கண்டுபிடித்திருந்தாள். நான் வாய் திறக்கவில்லை.

அவள் எழுந்துபோய்ப் பானையை இடுப்பில் தூக்கிவந்தாள். நான் பிடிக்கப் போனதற்கு விடவில்லை. முழுவதையும் கறிவேப்பிலை அடியில் ஊற்றினாள். மணல் அதை உடனே குடித்துவிட்டது. பானையைக் கவிழ்த்துவைத்தாள்.

"நான் சொன்ன சொல்லு மாறமாட்டன்" என்றாள். "மகளுக்குக் கோல் எடுங்க. வாறம் எண்டு சொல்லுங்க."

போன் என் சட்டைப்பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மகள் வழக்கம்போல, "அம்மா, எப்ப வாறீங்க?" என்றுதான் தொடங்கினாள். இவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது, போனை என்னிடம் திருப்பித் தந்தாள். நான்தான் சொன்னேன்.